சின்னக் கச்சேரியைப் பதிவு செய்ய மைக் தேர்ந்தெடுப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

"எந்த மைக் வாங்கலாம்?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். என்னிடம் அதற்குப் பதில் இருக்கிறது, ஆனால் அது கொஞ்சம் தள்ளித்தான் வரும். முதலில் மைக்கை வாங்கிவிட்டு, அப்புறம் அதைச் செருக ரெக்கார்டர் தேடி, அதற்கப்புறம் ஸ்டாண்டு தேடி, கடைசியில் கச்சேரி நடக்கும் இடத்தில் ஸ்டாண்டு வைக்கவே இடமில்லை என்று தெரிந்துகொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பாதிப் பணம் மிச்சமாகும்.

வீட்டுக் கூடத்திலோ, நூறு இருநூறு பேர் உட்காரும் சிறிய சபாவிலோ நடக்கும் கர்நாடகக் கச்சேரிக்கு ஒரே ஒரு பையோடு தனியாளாகப் போய்ப் பதிவு செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடகர், வயலின், மிருதங்கம், மிஞ்சினால் ஒரு கடம் அல்லது கஞ்சிரா. ஒவ்வொருவர் முன்னாலும் தனி மைக் வைத்து எட்டு டிராக்கில் பதிவு செய்வது வேறு தொழில். அதை விட்டுவிடுகிறேன்.

1. வெறுங்கையோடு ஒருமுறை போய் உட்காருங்கள்

அதே இடத்தில் நடக்கும் வேறொரு கச்சேரிக்கு எந்தக் கருவியும் இல்லாமல் போங்கள். அல்லது நீங்கள் பதிவு செய்யப்போகும் நாளுக்கு முன்பே அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். மைக் செட் உண்டா, இல்லையா? பெரிய ஸ்பீக்கர்கள் மேடைக்கு எவ்வளவு முன்னால் நிற்கின்றன? மின்விசிறி எங்கே சுற்றுகிறது? முதல் வரிசைக்கும் மேடைக்கும் நடுவே ஒரு ஸ்டாண்டு நிற்க இடம் இருக்கிறதா?

இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் தெரிந்துவிட்டால் மைக் வகை கிட்டத்தட்ட முடிவாகிவிடும். மைக் செட்டே இல்லாத வீட்டுக் கூடத்துக்கு ஒன்று, ஸ்பீக்கர் அலறும் மண்டபத்துக்கு இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே மைக்கை வாங்கி ஏமாறுவதுதான் வழக்கம்.

கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். தட்டிய சத்தம் சட்டென்று அடங்கினால் மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். கிரானைட் தரை, வெறும் சுவர், கான்கிரீட் கூரை என்று சத்தம் சுற்றிச்சுற்றி வந்தால் கிட்டே வைத்தே ஆக வேண்டும். கல்யாண மண்டபங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது ரகம்.

அனுமதியையும் இப்போதே கேட்டுவிடுங்கள். சபாக்காரரிடம் மட்டும் கேட்டால் போதாது. பாடகரிடமும் பக்கவாத்தியக்காரர்களிடமும் கேட்க வேண்டும். கச்சேரி தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, அவர்கள் ஸ்ருதி சேர்த்துக்கொண்டிருக்கையில் போய்க் கேட்டால் 'வேண்டாம்' என்றுதான் பதில் வரும். அது நியாயமும்கூட.

2. மைக்குக்கு முன்னால் ரெக்கார்டரை முடிவு செய்யுங்கள்

காரணம் ரொம்ப எளிது. எந்த மைக்கை எதில் செருக முடியும் என்பதை ரெக்கார்டர்தான் தீர்மானிக்கிறது. நல்ல கண்டென்சர் மைக்குகளுக்கு (மெல்லிய ஒலியையும் பிடிக்கும், மின்சாரம் கேட்கும் ரகம்) 48 வோல்ட் மின்சாரம் கேபிள் வழியாகவே போக வேண்டும். இதை ஃபேன்டம் பவர் என்பார்கள். மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர் துளையும் ஃபேன்டம் பவரும் இல்லாத கருவியில் அந்த மைக்குகள் வேலையே செய்யாது.

பையில் அடங்கும் ரெக்கார்டர்களை நான் இப்படிப் பிரித்துப் பார்ப்பேன். ஸூம் எச்1என், டாஸ்காம் டிஆர்-05எக்ஸ் போன்றவற்றில் மைக்குகள் கூடவே வருகின்றன, எக்ஸ்எல்ஆர் துளை கிடையாது. டாஸ்காம் டிஆர்-40எக்ஸ், ஸூம் எச்5, எச்4 எசென்ஷியல் ஆகியவற்றில் சொந்த மைக்கும் உண்டு, வெளி மைக்குக்கு இரண்டு எக்ஸ்எல்ஆர் துளைகளும் உண்டு. ஸூம் எஃப்3-இல் சொந்த மைக் கிடையாது, இரண்டு எக்ஸ்எல்ஆர் துளைகள் மட்டும்தான்.

முதல் ஆறு மாதத்துக்கு நடு ரகமே என் சிபாரிசு. வெளி மைக் வாங்காமலே நாலைந்து கச்சேரி பதிவு செய்து பார்க்கலாம். எதில் குறை என்று காது சொன்ன பிறகு மைக் வாங்கலாம்.

போனில் பதிவு செய்தால் என்ன? செய்யலாம், ஆனால் பெரும்பாலான போன்களின் சாதாரண ரெக்கார்டிங் ஆப் சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்கும். ஆலாபனையின் மெல்லிய இடத்தில் ஃபேன் சத்தம் மேலே ஏறி வரும். மிருதங்கத்தில் ஒரு சாப்பு விழுந்ததும் பாட்டு அமுங்கிப்போகும். பிறகு எந்த மென்பொருளாலும் அதைச் சரியாக மீட்க முடியாது. ரெக்கார்டரிலும் 'ஆட்டோ லெவல்' என்று ஒன்று இருக்கும். வாங்கின அன்றே அதை அணைத்துவிடுங்கள்.

3. டைனமிக்கா, கண்டென்சரா?

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் படி இது. மேடையில் பாடகர்கள் எல்லோரும் ஷ்யூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக்கை (ஃபேன்டம் பவர் கேட்காத ரகம்) வைத்துப் பாடுவதைப் பார்த்துவிட்டு, நல்ல மைக் என்றால் அதுதான் என்று வாங்கிவிடுகிறார்கள். நல்ல மைக்தான். ஆனால் வாயிலிருந்து நாலைந்து அங்குல தூரத்துக்குச் செய்தது. அதை ஆறடி தள்ளி வைத்து முழுக் கச்சேரியையும் பிடிக்கச் சொன்னால் முழிக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஒரே அளவு சத்தத்துக்கு எஸ்எம்58 ஏறக்குறைய 1.85 மில்லிவோல்ட் தருகிறது. ரோட் என்டி5 போன்ற சிறிய கண்டென்சர் மைக் 12 மில்லிவோல்ட் தருகிறது. டெசிபல் என்ற ஒலியளவுக் கணக்கில் இது 16 டெசிபல் வித்தியாசம். அந்த 16 டெசிபலை ரெக்கார்டரின் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, திருகித்தான் ஈடுகட்ட வேண்டும். விலை குறைந்த ரெக்கார்டரில் கெயினை அவ்வளவு ஏற்றினால் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் கூடவே வரும். ஆகவே தள்ளி வைத்துப் பதிவு செய்ய கண்டென்சர்தான்.

கண்டென்சரிலும் அகலமான தட்டுள்ள பெரிய மைக், பென்சில் மாதிரி ஒல்லியான சிறிய மைக் என்று இரண்டு ரகம். பெரியது பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் எங்களுக்கு வேண்டியது சிறியது. பெரிய மைக்குகள் பலவற்றில் நேர் எதிரே இருந்து வரும் சத்தம் ஒரு குணத்திலும், பக்கவாட்டில் இருந்து வருவது வேறு குணத்திலும் பதிவாகும். கச்சேரியில் மிருதங்கமும் வயலினும் பக்கவாட்டில்தானே உட்கார்ந்திருக்கின்றன! சிறிய மைக்கில் இந்த வேறுபாடு குறைவு. எடையும் குறைவு என்பதால் உயரமான ஸ்டாண்டு சாயாது.

வாங்கும்போது பெட்டியின் மேல் ஒரு எண்ணை மட்டும் தேடுங்கள்: மைக் தானாகப் போடும் இரைச்சலின் அளவு. இது 20 டெசிபலுக்குக் கீழே இருக்கட்டும். என்டி5-க்கு இது 16. 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று எல்லாப் பெட்டியிலும் போட்டிருப்பார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

கம்ப்யூட்டரில் செருகும் யுஎஸ்பி மைக் வேண்டாம். ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு யுஎஸ்பி மைக்கைச் சேர்த்து ஸ்டீரியோவாகப் பதிவு செய்வது தலைவலி. கச்சேரி நடுவே லேப்டாப் விசிறி சுற்ற ஆரம்பிப்பது தனித் தலைவலி.

4. மைக் எந்தத் திசையைக் கேட்க வேண்டும்?

கார்டியாய்டு வகை மைக் முன்னால் இருப்பதை நன்றாகக் கேட்கும், நேர் பின்னால் இருப்பதைக் கிட்டத்தட்டக் கேட்காது. ஆம்னி வகை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கும்.

நமக்கு பெரும்பாலும் கார்டியாய்டு. மேடையைப் பார்த்து வைத்தால், இருமுகிறவர், போன் அடிக்கிறவர், தாளம் போட்டுக்கொண்டே கூடப் பாடுகிற மாமா எல்லோரும் மைக்கின் முதுகுப் பக்கம் போய்விடுவார்கள். ஹாலின் எதிரொலியும் குறையும். அதே அளவு எதிரொலி வரும்படி வைப்பதானால், ஆம்னியைவிடக் கார்டியாய்டை ஏறக்குறைய 1.7 மடங்கு தூரத்தில் வைக்கலாம்.

ஆம்னிக்கும் இடம் உண்டு. மெத்தை, புத்தக அலமாரி, திரைச்சீலை எல்லாம் உள்ள அடங்கிய கூடத்தில், மைக் செட் இல்லாமல், இருபது பேர் மட்டும் அமைதியாக உட்கார்ந்து கேட்கும் கச்சேரிக்கு ஆம்னி ஜோடி அருமையாக இருக்கும். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்து ஒலிக்கும் தோல், எழுப்பும் கும்கி என்ற அடிநாதம் முழுசாக விழும். காற்றுக்கும் அது அவ்வளவு அலறாது. இரண்டுக்கும் நடுவே அகலக் கார்டியாய்டு என்று ஒரு ரகம் இருக்கிறது. ஸ்வீடனின் லைன் ஆடியோ சிஎம்4 அப்படிப்பட்டது. கிடைத்தால் வாங்கலாம்.

நீளக் குழாய் போன்ற ஷாட்கன் மைக்கை வாங்காதீர்கள். "தூரத்திலிருந்து இழுக்கும்" என்று கடையில் சொல்வார்கள். மூடிய ஹாலில் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி பக்கவாட்டில் நுழைந்து, குரல் குழாய்க்குள்ளிருந்து பேசுவது போல் ஆகிவிடும். எந்த மைக்கும் எதையும் இழுப்பதில்லை.

5. ஒரே மாதிரி இரண்டு, ஒரே ஸ்டாண்டில்

இப்போது வாங்கலாம். ஒரே மாடலில் இரண்டு மைக், ஜோடியாக. விலை உயர்ந்த ஒற்றை மைக்கைவிட மலிவான ஜோடி இந்த வேலைக்கு நன்றாக உதவும். இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின், நடுவில் குரல் என்று காது பிரித்துக் கேட்கும்போது மூன்றும் ஒன்றையொன்று மறைப்பதில்லை. ஒற்றை மைக்கில் மூன்றும் ஒரே புள்ளியில் அடுக்கிக்கொள்ளும்.

பெரிங்கர் சி-2 மலிவான ஜோடி. இரண்டையும் பொருத்தும் கம்பியும் கூடவே வரும். இரைச்சல் கொஞ்சம் தெரியும், ஆனால் கற்றுக்கொள்ளப் போதும். அதற்கு மேலே ரோட் எம்5 ஜோடி, அதற்கும் மேலே என்டி5 ஜோடி. முதல் ஜோடிக்கு இதற்கு மேல் செலவழிக்க வேண்டாம். மீதியை ஸ்டாண்டில் போடுங்கள்.

இரண்டு மைக்கையும் எப்படிப் பொருத்துவது? எனக்குப் பிடித்தது பிரெஞ்சு வானொலியிலிருந்து வந்த ஓஆர்டிஎஃப் முறை. மைக்குகளின் முனைகள் 17 செ.மீ. இடைவெளியில், ஒன்று இடப்பக்கமும் ஒன்று வலப்பக்கமும் பார்த்தபடி, நடுவே 110 டிகிரி கோணம். நம் இரு காதுகளுக்கு நடுவே இருக்கும் தூரம்தான் ஏறக்குறைய அந்த 17 செ.மீ. ஒரு அட்டையில் இந்த அளவை வெட்டிப் பையில் போட்டு வைத்தால் ஒவ்வொரு முறையும் ஸ்கேல் தேட வேண்டாம்.

கையடக்க ரெக்கார்டர்களில் இருப்பது பெரும்பாலும் எக்ஸ்ஒய் முறை: இரண்டு முனைகளும் ஒரே இடத்தில், 90 டிகிரி கோணத்தில். போன் ஸ்பீக்கரில் மோனோவாகக் கேட்டாலும் ஒன்றும் கெடாது, அது நல்லது. ஆனால் இந்த முறைக்கு மேடை ரொம்ப அகலமாக இருக்க வேண்டும். நம் கச்சேரியில் மூன்று பேரும் இரண்டரை மீட்டருக்குள் நெருங்கி உட்காருகிறார்கள். ஆறடி தள்ளி வைத்த எக்ஸ்ஒய் மைக்குக்கு அந்த மூவரும் நடுவில் குவிந்துதான் தெரிவார்கள். "ஸ்டீரியோவே வரவில்லையே" என்று என்னிடம் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்குக் கோளாறு இதுதான். மைக் கெட்டுப்போயிருக்காது.

ஒரு எச்சரிக்கை. வெளி மைக்குகளை எக்ஸ்ஒய் முறையில் வைத்தால் முனைகள் ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் போகும். இடப்பக்கம் உடல் இருக்கும் மைக் வலப்பக்கத்தைப் பார்க்கும். உடல் எங்கே என்று பார்க்காமல், முனை எங்கே பார்க்கிறது என்று பார்த்துக் கேபிளைச் செருகுங்கள். ஒரு கேபிளில் சிவப்பு டேப் ஒட்டி அதை எப்போதும் வலது என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

6. எங்கே, எவ்வளவு உயரத்தில்?

முந்தைய ஐந்து படிகளையும்விட இந்தப் படிதான் பதிவின் தரத்தை முடிவு செய்யும். மலிவான மைக் சரியான இடத்தில் இருந்தால் விலை உயர்ந்த மைக் தவறான இடத்தில் இருப்பதைத் தோற்கடித்துவிடும். இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை, அவர்களாகக் கேட்கும் வரை.

மைக் செட் இல்லாத கூடத்தில், பாடகருக்கு நேர் எதிரே 1.5 முதல் 2 மீட்டர் தள்ளித் தொடங்குங்கள். மைக் உயரம் அவர் உட்கார்ந்திருக்கும் தளத்திலிருந்து 1.5 மீட்டராவது இருக்கட்டும். முனைகளை அவர் முகத்தை நோக்கிக் கொஞ்சம் கீழே சாய்த்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு உயரம்? வழக்கமாக, நாம் பார்க்கும்போது மிருதங்கம் இடப்பக்கமும் வயலின் வலப்பக்கமும் இருக்கும். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது கூர்மையாக ஒலிக்கும் தோல், ரசிகர்களைப் பார்த்திருக்கும். இடக்கை வித்வான் என்றால் பக்கம் மாறி உட்காருவதும் அந்த வலந்தலை நம்மைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்த வலந்தலையின் உயரத்திலேயே மைக் இருந்தால் ஒவ்வொரு மீட்டும் ஊசி மாதிரி குத்தும், குரல் பின்னால் போய்விடும். மைக்கை மேலே தூக்கினால் வலந்தலையின் நேர்ப் பாய்ச்சலிலிருந்து விலகும். பாடகர் தொடையில் தட்டிப் போடும் தாளமும் குறையும். தாழ்வாக வைத்த பதிவுகளில் அந்தத் தட்டு, கூடவே இன்னொரு தாள வாத்தியம் வாசிப்பது போல் கேட்கும்.

தூரத்திலும் ஒரு கணக்கு உண்டு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் நேரே வரும் ஒலி 6 டெசிபல் குறையும். கூடத்தின் எதிரொலியோ எங்கே போனாலும் ஏறக்குறைய அதே அளவு. அதனால் ஒரு மீட்டர் பின்னால் நகர்த்துவது, சத்தம் குறைவதைவிட அதிகமாகக் குரலை எதிரொலிக்குள் முக்கிவிடும். ஹாலின் கடைசிச் சுவரோரம், பிளக் பாயிண்ட் இருக்கிறதே என்று ரெக்கார்டரை வைக்கிறவர்களுக்குக் கிடைப்பது கிணற்றுக்குள் பாடிய கச்சேரி.

மிருதங்கம் தூக்கலாகக் கேட்டால் இடது சேனலின் கெயினைக் குறைக்கத் தோன்றும். செய்யாதீர்கள். குரலும் நடுவிலிருந்து வலப்பக்கம் நகர்ந்துவிடும். ஸ்டாண்டையே வயலின் பக்கம் ஒரு சாண் நகர்த்துங்கள், அல்லது இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள். கேட்டுப் பாருங்கள், மறுபடி ஒரு சாண். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம்தான்.

எலக்ட்ரானிக் ஸ்ருதிப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாடகருக்கு முன்னால் தரையில், உங்கள் மைக்கைப் பார்த்தபடி இருந்தால் கச்சேரி முழுக்க அதுதான் முதலில் கேட்கும். "கொஞ்சம் பின்னால் வைக்கலாமா மாமா?" என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

அப்புறம் மின்விசிறி. சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே நிற்கும் மைக்கில் 'பொத் பொத்' என்று காற்று அடிப்பது கேட்கும். ஹெட்ஃபோன் இல்லாமல் நின்றால் அது தெரியவே தெரியாது. ஸ்பாஞ்ச் உறை ஓரளவு காப்பாற்றும், ஆனால் ஸ்டாண்டை நகர்த்துவதே சரியான வழி. ஃபேனை நிறுத்தச் சொல்லாதீர்கள். பாடுகிறவர் வியர்த்துக் கொட்டிக்கொண்டு பாடும் கல்யாணி ராகம் எந்த மைக்கிலும் நன்றாக வராது.

ஸ்டாண்டின் காலில் ஏதாவது கனம் வையுங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் துணிப்பையில் போட்டுத் தொங்கவிட்டாலே போதும். அவ்வளவு உயரத்தில் இருக்கும் மைக், ஒரு குழந்தை இடித்தால் பாடகர் தலையில் விழும்.

7. மைக் செட் இருந்தால்

இங்கே ஒரு பெரிய சபலம் காத்திருக்கிறது: சவுண்டுக்காரரின் மிக்ஸரிலிருந்து (எல்லா மைக்குகளையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் பெட்டி) நேராக ஒரு கேபிள் வாங்கிக்கொள்வது. சுத்தமாக வரும், இருமல் இல்லை, எதிரொலி இல்லை. வீட்டுக்கு வந்து கேட்டால் குரல் மட்டும் காதருகே, மிருதங்கம் பக்கத்துத் தெருவில்.

இதில் சவுண்டுக்காரர் மேல் தவறில்லை. சிறிய ஹாலில் மிருதங்கம் தானாகவே எல்லோருக்கும் கேட்கும். அதனால் ஸ்பீக்கரில் அதைக் கொஞ்சமாகத்தான் விடுவார். அவர் கலப்பது ஹாலில் உட்கார்ந்திருப்பவருக்காக. உங்கள் ரெக்கார்டருக்கு வருவது அந்தக் கலவையில் ஸ்பீக்கர் பங்கு மட்டும்.

எனவே மிக்ஸரையும் எடுங்கள், சொந்த மைக் ஜோடியையும் வையுங்கள். இரண்டையும் தனித்தனி டிராக்கில் பதிவு செய்து வீட்டில் கலக்கலாம். ஜோடியை எங்கே வைப்பது என்றால், பெரிய ஸ்பீக்கர்களின் கோட்டுக்கு உள்ளே, மேடை விளிம்போரம். அங்கே ஸ்பீக்கர் ஒலி பின்னாலும் பக்கவாட்டிலும் இருந்துதான் வரும். கார்டியாய்டு அதைக் குறைத்துக் கேட்கும். ஸ்பீக்கருக்கு முன்னால் ரசிகர்கள் நடுவே வைத்தால் நீங்கள் பதிவு செய்வது ஸ்பீக்கரைத்தான்.

கவனிக்க வேண்டிய ஒன்று: எச்5, டிஆர்-40எக்ஸ் போன்றவற்றில் எக்ஸ்எல்ஆர் துளைகள் இரண்டே. அவற்றில் வெளி மைக் ஜோடியைச் செருகிவிட்டால் மிக்ஸர் கேபிளுக்கு இடமில்லை. அப்படிப்பட்ட நாளில் ரெக்கார்டரின் சொந்த மைக்குகளை ஜோடியாகப் பயன்படுத்துங்கள், மிக்ஸரை எக்ஸ்எல்ஆரில் வாங்குங்கள். ரெக்கார்டரையே மேடையோரம் ஸ்டாண்டில் ஏற்ற வேண்டி வரும், அதற்கேற்ற நீளத்தில் கேபிள் வேண்டும். அல்லது நான்கு எக்ஸ்எல்ஆர் துளைகள் உள்ள ஸூம் எச்6 ரகத்துக்குப் போங்கள்.

இரண்டு தனி ரெக்கார்டரிலும் பதிவு செய்யலாம். ஆனால் இரண்டின் கடிகாரங்களும் துல்லியமாக ஒத்துப்போகாது, இரண்டு மணி நேரத்தில் விலகிவிடும். ஒவ்வொரு உருப்படியின் (பாட்டின்) தொடக்கத்திலும் தனியாகப் பொருத்திக்கொண்டால் சரியாகிவிடும்.

மிக்ஸர் கேபிளைச் செருகும் முன் மூன்று விஷயம். அந்தத் துளைகளின் ஃபேன்டம் பவரை அணையுங்கள், 48 வோல்ட் மிக்ஸரின் வெளியீட்டுக்குள் போகக் கூடாது. ரெக்கார்டரில் மைக் என்பதை மாற்றி லைன் என்று வையுங்கள், இல்லாவிட்டால் கரகரவென்று உடையும். 'ம்ம்ம்' என்று உறுமல் வந்தால் ரெக்கார்டரைப் பவர்பேங்கிலோ பேட்டரியிலோ ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அதோடு நிற்கும்.

வீட்டில் கலக்கும்போது மிக்ஸர் டிராக்கைச் சற்றே தாமதப்படுத்த வேண்டும். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் எடுக்கும். உங்கள் மைக் ஜோடி 2 மீட்டர் தள்ளி இருந்தால் 6 மில்லிசெகண்ட். இதைச் செய்யாவிட்டால் குரல் மெலிந்து கேட்கும்.

8. நாகஸ்வரமும் தவிலும்

கோயிலில் இதைப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால் மேலே சொன்னதில் தூரத்தை மட்டும் மாற்றுங்கள்: நாலைந்து மீட்டர். திறந்த வெளியில் எதிரொலி தொல்லை இல்லை, காற்றுத் தொல்லை உண்டு, எனவே ஸ்பாஞ்சுக்கு மேல் ரோம உறை. கிட்டேதான் நிற்க முடியும் என்றால், முன்பு வேண்டாம் என்று சொன்ன டைனமிக் மைக் இங்கே நன்றாகவே வேலை செய்யும். ஒலி பலமாக இருப்பதால் கெயின் பஞ்சம் வராது.

9. பையில் என்ன இருக்க வேண்டும்?

இரண்டு எக்ஸ்எல்ஆர் கேபிள், உபரியாக ஒன்று. இரண்டு முனையிலும் மூன்று பின் இருக்க வேண்டும். ஒரு முனையில் எக்ஸ்எல்ஆரும் மறுமுனையில் கிடார் ஜாக்கும் உள்ள கேபிளைக் கடைக்காரர் கொடுத்துவிடுவார். அதன் வழியாக ஃபேன்டம் பவர் போகாது, மைக் ஊமையாக நிற்கும். "புது மைக் வேலை செய்யவில்லை" என்று புலம்பியவரிடம் நான் முதலில் பார்ப்பது இந்தக் கேபிளைத்தான்.

ஃபேன்டம் பவர் போட்டால் பேட்டரி மளமளவென்று இறங்கும். பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கை நம்பாமல், வீட்டில் இரண்டு மைக்கையும் செருகி, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று ஒருநாள் பாருங்கள். கார்டு கணக்கு சுலபம்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. மூடிய ரகக் ஹெட்ஃபோன், துணி டேப், டார்ச். டேப் எதற்கு என்றால், நடைபாதையில் போகும் கேபிளை ஒட்ட. யாராவது தடுக்கினால் விழுவது அவரும் உங்கள் மைக்கும்.

10. லெவல் வைப்பது

24 பிட்டில், மிகப் பலமான இடம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். முள் மேலே வரை ஏற வேண்டும் என்பது கேசட் காலத்துப் பழக்கம். குறைவாகப் பதிவானதை வீட்டில் ஏற்றிக்கொள்ளலாம், உடைந்ததை ஒட்ட முடியாது.

கச்சேரிக்கு முன் வாசித்துக் காட்டச் சொல்லி லெவல் வைத்தால் ஏமாந்துபோவீர்கள். அப்போது மிருதங்க வித்வான் நாலு தட்டுத் தட்டிவிட்டு ஸ்ருதி பார்க்கப் போய்விடுவார். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின் கோர்வையில் அவர் கை வேறு மாதிரி விழும். அதற்குப் பின் கைதட்டல் இன்னும் பலம். எனவே சோதனையில் மைனஸ் 20-ஐ ஒட்டி இருக்கும்படி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். நடுவில் திருகினால் பாட்டின் நடுவே ஏற்ற இறக்கம் தெரியும்.

எஃப்3, எச்4 எசென்ஷியல் போன்றவை 32 பிட் ஃப்ளோட் முறையில் பதிவு செய்கின்றன, அதில் லெவல் கவலையே கிட்டத்தட்ட இல்லை. ஆனால் மைக் தாங்கும் எல்லையைத் தாண்டினால் அங்கேயே உடையும், அதை ரெக்கார்டர் காப்பாற்றாது. அடித்தொனியை வெட்டும் லோ கட் பொத்தானையும் அணைத்து வையுங்கள், தொப்பியின் சத்தம் அங்கேதான் இருக்கிறது.

11. பதிவு ஓடுகிறதா என்று பாருங்கள்

சில கருவிகளில் ரெக்கார்ட் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் சிவப்பு விளக்கு மினுக்கும், முள்ளும் ஆடும், ஆனால் பதிவு தொடங்கியிருக்காது. இன்னொரு முறை அழுத்த வேண்டும். நான் இது தெரியாமல் ஒரு வர்ணமும் ஒரு கிருதியும் முடியும் வரை முள் அழகாக ஆடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது நேரம் ஓடுகிறதா என்றுதான் பார்க்கிறேன், விளக்கைப் பார்ப்பதில்லை.

முதல் உருப்படி முழுக்க ஹெட்ஃபோனில் கேளுங்கள். இடது எது, வலது எது, ஃபேன் அடிக்கிறதா, கரகரப்பு உண்டா என்று பார்த்துவிட்டுக் கழற்றி வைத்துவிடலாம். மங்களம் முடிந்து கைதட்டல் அடங்கும் வரை நிறுத்தாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடும் முன் கார்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஒன்று, வேறு டிஸ்கில் ஒன்று என்று இரண்டு பிரதி எடுங்கள். அதன்பின் நோட்டில், ஸ்டாண்டு எத்தனை அடி தள்ளி, எவ்வளவு உயரம், எப்படிக் கேட்டது என்று மூன்று வரி எழுதிவிடுங்கள். அதே ஹாலுக்கு மறுபடி போகும்போது ஒரு மணி நேர வேலை பத்து நிமிடத்தில் முடியும்.

மைக்குகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரத்தில் கண்டென்சர் மைக் திடீரென்று படபடவென்று பொரியும். அப்படிப் பொரிந்தால் கெட்டுவிட்டது என்று உடனே தூக்கிப் போடாதீர்கள். இரண்டு நாள் அந்த டப்பாவிலேயே உலரவிட்டு, மறுபடி செருகிப் பாருங்கள்.